மடிவாளாக் கல்வெட்டை வாசிக்க ஆள் அனுப்புங்கள்

பெங்களூருவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், மன்றங்கள், ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்தும் அமைப்புகள் அனைத்தின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நீங்கள் எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று அல்சூரில் குடியிருக்கும் எனக்குத் தெரியும். அந்த உழைப்பில் ஒரு பங்கை இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகளுக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பணம் அதிகம் தேவைப்படாது. ஆள்தான் வேண்டும், அதிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள்.

மடிவாளா சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேப்பூர்க்காரர் ஒருவர், வெங்களூர் (பெங்களூர்தான்) பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானம் கொடுத்த செய்தி அது. அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலில், 1270-இல் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அரசன் படையெடுத்த கதையெல்லாம் அதில் கிடையாது. ஒரு மனிதர் தன் ஊர்க் கோயில் வாசலுக்குச் செய்தது, அவ்வளவுதான். எனக்கு இந்த மாதிரிக் கல்வெட்டுகள் மேல்தான் பிரியம் அதிகம். அப்புறம் காடுகோடிப் பக்கம், ஐடி கட்டடங்களுக்கு நடுவே, பட்டந்தூரில் ஏரி வெட்டியதைச் சொல்லும் 1043-ஆம் ஆண்டுச் சோழர் காலக் கல்.

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்து, எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பு நூல் வரிசையின் 9-ஆம் தொகுதியாக 1905-இல் வெளியிட்டார் கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ். அதில் பதிவான கற்களில் பல இன்று அந்தந்த இடத்தில் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போதும், அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும், ஏரியை மூடும்போதும் கல் போய்விடுகிறது. கோயிலுக்குள் இருப்பதற்கு வேறு ஆபத்து. திருப்பணி என்ற பெயரில் எனாமல் பெயின்ட் அடிப்பார்கள், மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுரண்டுவார்கள், மேலேயே கிரானைட் பலகை ஒட்டுவார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் எழுத்து அழிந்தது அழிந்ததுதான்.

இதையெல்லாம் பார்த்துச் சும்மா இருக்காதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பின் கீழ், 2021 முதல் ஒரு குழு பெங்களூருக் கல்வெட்டுகளைத் தேடிப்போய் 3டி (முப்பரிமாண) ஸ்கேன் செய்துவருகிறது. கன்னடக் கல் மட்டும் போதும் என்று அவர்கள் நிற்கவில்லை, தமிழ்க் கல்லையும் அதே அக்கறையோடு எடுக்கிறார்கள். அந்த இடத்தில் நம் ஆட்கள் ஏன் இல்லை என்பதுதான் என் மனக்குறை.

முன்பெல்லாம் கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். இன்றும் அது நல்ல முறைதான். ஸ்கேனர் கல்லைத் தொடுவதே இல்லை. வரிவரியான ஒளியைக் கல்மேல் வீழ்த்தி, அந்த வரிகள் எங்கே வளைகின்றன என்பதை வைத்து மில்லிமீட்டருக்கும் குறைவான பள்ளம் மேட்டைக் கணக்கிடுகிறது. கணினியில் அந்தப் பரப்பின் மேல் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்து நிழலோடு எழுந்து வரும். ஸ்கேனர் விலை அதிகம் என்று தயங்க வேண்டாம். சாதாரணக் கைபேசியில், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மறுபடி காட்டும்படி நெருக்கமாகப் படங்கள் எடுத்தாலே, மென்பொருள் அவற்றை இணைத்து 3டி உருவமாக்கிவிடும். மேகமூட்டமான நாள் உத்தமம். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது எதுவும் கூடாது.

2015-இல் ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தில் சிலைகள் உடைக்கப்பட்டபோது, பலர் என்றோ எடுத்துவைத்திருந்த படங்களைத் திரட்டித் தன்னார்வலர்கள் 3டி உருவங்கள் செய்தார்கள். பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010-இல் லேசர் ஸ்கேன் செய்திருந்தார். 2019-இல் அது தீப்பிடித்தபோது அந்த அளவுகள் பத்திரமாக இருந்தன. நம் தெருமுனைக் கல்லுக்கு இப்படி ஒரு முன்னேற்பாடு உண்டா?

ஸ்கேன் இருந்தால் கல் போனாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெப்பாளத்தில் 2018-இல் கிடைத்த, சுமார் 750-ஐச் சேர்ந்த கிட்டய்யா வீரக்கல்லுக்கு ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்டபம் கட்டினார்கள். ஸ்கேனும் வேண்டும், மண்டபமும் வேண்டும்.

இயந்திரத்தால் வடிவத்தைத்தான் பிடிக்க முடியும். "இந்த வளைவு ளகரமா, இந்தச் சொல் குழி என்ற நில அளவா" என்று பார்க்கத் தமிழும், வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து கொஞ்சமும் தெரிந்த கண் வேண்டும். உங்கள் அமைப்புகளில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல்வெட்டு எழுத்து கற்க அவர்களுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். படம் எடுக்கும் வேலைக்கு ஐடி இளைஞர்கள் வருவார்கள்.

பொங்கல் விழாவில் ஒரு மேசை போட்டு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி வையுங்கள். அதற்காகக் கற்பனைச் சோழர் அரண்மனை எதுவும் கட்ட வேண்டாம். மடிவாளாச் சுவரை அப்படியே காட்டி, அந்தக் காட்சிக்குள்ளேயே பிள்ளையின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தால் போதும். விளக்கை நகர்த்த நகர்த்த எழுத்து தெரியும்போது "தாத்தா, இது நம்ம எழுத்து மாதிரியே இருக்கே" என்று அதுவே வாசிக்கத் தொடங்கும்.

இதைச் செய்தால் மொழிச் சண்டை வருமோ என்று சிலர் அஞ்சுவீர்கள். பெங்களூரு என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு, சுமார் 890-ஐச் சேர்ந்த பேகூர்க் கன்னடக் கல். அதை நாமே முதலில் சொல்வோம், அதற்குப் பிறகு மடிவாளாவைக் காட்டுவோம். இரண்டு கல்லையும் இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து எடுத்தால் சண்டைக்கு இடமேது? உரிமை கொண்டாடும் மேடைப் பேச்சு மட்டும் இதில் வேண்டவே வேண்டாம்.

எடுத்த கோப்புகள் ஒருவருடைய மடிக்கணினியில் தூங்கக் கூடாது. இன்டர்நெட் ஆர்க்கைவ், விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொது இடங்களில், எடுத்த இடம், நாள், வாசிப்பு எல்லாவற்றோடும் ஏற்றுங்கள். மிதிக் சொசைட்டிக் குழுவிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள். மடிவாளாவிலிருந்தே தொடங்கலாம். கோயில் நிர்வாகத்துக்கு அனுமதிக் கடிதம் ஒரு சங்கத்தின் பெயரில் போனால், தனி ஆள் போய்க் கேட்பதைவிட மரியாதை அதிகம். கடிதத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அல்சூர்த் தமிழன் ஒருவன்