பாம்பன் கரையில் உடன் நின்றவர்களுக்கு நன்றி மடல்

கடற்பாசி எடுக்கப் போகும் அக்காமார், நாட்டுப்படகு அண்ணன்மார், பந்தல் போட்டவர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பங்குத்தந்தை, ஜமாஅத் பெரியவர்கள், பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மன்னார் வளைகுடா சூடாகிறது, பவளப்பாறை வெளுக்கிறது, நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கேட்டு ஆய்வாளர்கள் பங்குனியில் நடத்திய ஒருநாள் உண்ணாநிலை அறப்போராட்டம் அமைதியாக முடிந்தது. பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யார் என்ன செய்துகொடுத்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்று எழுதிவைத்தால், அடுத்து எந்தக் கரையில் யார் உட்கார்ந்தாலும் உதவும்.

முதல் நன்றி, நாள் குறித்துக் கொடுத்த அக்காமாருக்கு. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தேடுவது படித்தவர்களின் பழக்கம். இந்தக் கரையில் அது செல்லாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுப்பது அப்போதுதான். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவர்களுக்கு ஒருநாள் கூலி போச்சு, வராதவர்களுக்கு மனக்கஷ்டம். அட்டமி, நவமியில் நீரேற்றமும் வற்றமும் மந்தம், அதனால் அந்த நாள்களே தோது. விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு மற்ற 4 நாள் என்ற முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் தலைவர்களின் நினைவுநாள்களை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம் என்பதால் அந்த மாதங்களை வழக்கறிஞர்கள் முன்னமேயே அடித்துவிட்டார்கள். மிஞ்சுகிற நாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அடுத்து, மீன்வலையில் செய்த பதாகை. பாம்பனில் உச்சிக்கு மேல் கடற்காற்று ஏறினால் ஃப்ளெக்ஸ் நிற்காது. ஓரத்தில் போட்ட வளையம் முதலில் பிய்யும், பிறகு மூங்கில் வளையும், கடைசியில் பிடித்திருப்பவர் தோள்தான் வலிக்கும். நடுவில் பிறைபோல் வெட்டி ஓட்டை போடுவது பலர் சொல்லும் யோசனை. அதனால் எழுத்து கெடுவதுதான் மிச்சம், காற்றின் வேகம் பெரிதாகக் குறையாது. படகு அண்ணன்மார் கொடுத்தது கழித்துப்போட்ட நைலான் வலை, 20 அடிக்கு 5 அடி. மேல்கயிற்றில் மிதவையையும் அடிக்கயிற்றில் ஈயக்குண்டையும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஈயம் கீழே இழுப்பதால் பதாகை சுருளாமல் விறைப்பாக நிற்கிறது. அதன்மேல் பழைய வேட்டித் துணியில் எழுத்துகளை வெட்டித் தைத்தார்கள். எழுத்தின் உயரம் 12 அங்குலம்: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்று கணக்கு வைத்தால் 120 அடிக்கு அப்பால் சாலையில் போகிற பேருந்திலிருந்தும் படிக்கலாம். நாலு விரலுக்கு ஒரு முடிச்சு. முடிச்சு தள்ளிப் போனால் துணி உப்பிக்கொண்டு பாய்போலக் காற்றைப் பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் பறக்கும் என்று வெட்டும்போதே சொன்னவர் ஓர் அக்கா. ஆகவே புள்ளி ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாக, இரட்டைத் தையலில். தமிழில் பதாகை செய்கிற எல்லாரும் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

பவளத்துக்கு எவ்வளவு சூடு ஏறியது என்ற வெப்பக் கணக்கைக் கையில் கொடுத்ததும் அதே வலைக்கயிறுதான். வரைபடம் காட்டினால் முன்வரிசையில் நிற்பவர் மட்டும் பார்ப்பார். கணக்கு இதுதான்: ஆண்டில் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி அடிப்படை. கடல் அதைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால்தான் கணக்கில் ஏறும். ஒரு வாரம் 1 டிகிரி கூடுதலாக இருந்தால் 1, ஒரு வாரம் 2 டிகிரி என்றால் 2. கடந்த 12 வாரத்துக் கூட்டுத்தொகை 4 ஆனால் வெளுப்பு பரவலாகத் தெரியும். 8 ஆனால் பவளம் சாகத் தொடங்கும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இப்படித்தான் கணக்கிட்டு எச்சரிக்கை தருகிறது. கயிற்றில் வாரத்துக்கு ஒன்றாக 12 மிதவை, கணக்கில் ஏறிய வாரத்தின் கீழே டிகிரிக்கு ஒன்றாக ஈயக்குண்டு. இருவர் இரு முனையைப் பிடித்துத் தூக்கினால் எந்த வாரத்தில் கயிறு தொய்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். பள்ளிப்பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்கள்.

எல்லாரும் கேட்ட கேள்வி, வெளுத்தால் செத்ததாகத்தானே அர்த்தம் என்பது. இல்லை. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறுவதால் வெள்ளையாகிறது. அப்போதும் அதற்கு உயிர் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும். தணியாவிட்டால் மேலே பச்சைப்பாசி படரும், அப்போதுதான் அது செத்த கல். 2010, 2016, 2024 ஆண்டுகளில் இந்த வளைகுடாவில் வெளுப்பு கண்டது. புவி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் உலகப் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி என்றால் 99 விழுக்காட்டுக்கு மேலும் போய்விடும் என்கிறது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2018 அறிக்கை. இங்குள்ள 21 தீவுகளில் 2 ஏற்கெனவே நீருக்குள். அதற்குப் பவளக்கல் வெட்டியதும் ஒரு காரணம். பாறை தேய்ந்தால் அலை நேராகத் தீவில் மோதும், தீவு போனால் கரையில்.

விளக்கக் காட்சிக்குப் பவளத்துண்டு வைக்காமல் தடுத்த வேட்டைத் தடுப்புக் காவலருக்குத் தனி நன்றி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டை எடுத்து வைத்திருந்தாலும் வழக்குதான். பவளத்தைக் காப்பாற்றச் சொல்லும் பந்தலில் அப்படியொரு வழக்கு வந்தால் மறுநாள் செய்தி அதுவாகத்தான் இருக்கும். நிழற்படம் போதும்.

வழக்கறிஞர்கள் சொன்னதை அரசுச் சம்பளம் வாங்கும் ஆய்வாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மத்தியக் குடிமைப்பணி நடத்தை விதிகள், 1964: 7ஆம் விதி ஆர்ப்பாட்டம், வேலைநிறுத்தம் பற்றியது, 9ஆம் விதி அரசை விமர்சிப்பது பற்றியது. வருகிறவர் விடுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். நிறுவனத்தின் பெயரோ முத்திரையோ அடையாள அட்டையோ உடம்பில் இருக்கக் கூடாது. அலுவலக வண்டி ஆகாது. வெளியிடப்பட்ட தரவை மட்டுமே பேசலாம். வெளிநாட்டு மாணவர்கள் பந்தலுக்கே வர வேண்டாம், விசா போய்விடும். வழிகாட்டியின் கையெழுத்தை நம்பி உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பின்னாலிருந்து எண்களைச் சரிபார்த்தால் போதும், அதுவும் போராட்டம்தான். காவல் நிலைய மனுவில் இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், பொறுப்பாளர் நான்கு பேரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரை வாங்கிக் கையில் வைக்க வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. தேர்வுக் காலம் என்பதால் பெட்டியும் வைக்கவில்லை. கைது செய்தால் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து மாலையில் விடுவதே பெரும்பாலும் நடக்கும். ஆனாலும் வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் விஞ்ஞானிகள் இதைவிடக் கடுமையாகவும் செய்திருக்கிறார்கள். நாசாவில் இருந்த ஜேம்ஸ் ஹான்சன் 2009இல் நிலக்கரிச் சுரங்க எதிர்ப்பில் கைதானார். பீட்டர் கால்மஸ் 2022 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் வங்கிக் கட்டடக் கதவில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். ரோஸ் அப்ராமாஃப் ஒரு மாநாட்டு மேடையில் பதாகை விரித்தார். 2023 ஜனவரியில் அவருக்கு வேலை போனது. மதிக்கிறோம். ஆனால் கதவில் பூட்டிக்கொண்டால் இந்தக் கரையில் வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் சேரும். சாப்பிடாமல் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து, என்ன தம்பி, என்ன விஷயம் என்று கேட்பார்கள். கேட்கவைப்பதுதான் வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் விதித்தவை: சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர், நீர் பிரியும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி ஆகியோர் உண்ணாநிலைக்கு ஆகாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், தாகம் எடுக்குமுன்பே கொஞ்சம் கொஞ்சமாக. தலை சுற்றினால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல், அதோடு அவருக்கு உண்ணாநிலை முடிந்தது, வாதம் கிடையாது. அளவு: 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. இங்கே குழாய்த் தண்ணீரில் கலக்கவே கூடாது. தண்ணீரே உப்பாக இருந்தால் கரைசலில் உப்பு கூடி உடம்புக்குக் கெடுதல் செய்யும். நல்ல தண்ணீரைக் குடம் குடமாக வரவழைத்துத் தந்த ஜமாஅத்துக்கு இதனால்தான் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம். கழிப்பறைக்குக் கூடத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தைக்கும் அப்படியே. பெண்கள் நாள் முழுக்க உட்கார முடிந்தது அதனால். பனையோலைப் பந்தலைத் தாழ்வாகப் போட்டு, மேற்குப் பக்கம் அடைத்து, கால்களை 3 அடி ஆழத்தில் ஈரமணலில் இறக்கியவர்களுக்கு நன்றி. சாமியானா என்றால் மதியத்துக்குள் தனுஷ்கோடியில் கிடந்திருக்கும்.

கடைசியாக, பாறையடியில் நாங்கள் வைத்து, வலையில் சிக்கிய வெப்பமானிக் கருவிகளைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுத்த வள்ளக்காரர்களுக்கு. பேசிய எண்களில் பாதி அதற்குள் இருந்தவை. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை. பாறையடியில் உள்ள சூட்டைச் சொல்வது இந்தக் கட்டைவிரல் பருமன் கருவிதான். ஆழம் குறைந்த இடத்தில் வெயில் நேரே பட்டால் அது பொய்க்கணக்கு காட்டும், அதனால் வெள்ளை பிவிசி குழாய்க்குள் இருக்கும். இனி உங்கள் வலையில் வந்தால் குழாயை உடைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையை மட்டும் அறுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வைத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, குழாயின் மேல் தமிழில் ஒட்டியுள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம்; வலை கிழிந்திருந்தால் அதற்கான நூலும் கூலியும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
போராட்டத்தில் உட்கார்ந்த ஆய்வாளர்கள்