எங்கள் மூன்று கருக்கள் எங்கே போயின?

தேசியச் செயற்கைக் கருத்தரிப்பு மற்றும் வாடகைத்தாய் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் அதன் விதிகளும் நீங்கள் அறியாதவை அல்ல. போன மாதம் எங்களுக்கு நடந்ததைச் சொல்லி, ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

2022 கடைசியில் ஒரு தனியார் மையத்தில் எனக்குக் கருமுட்டை எடுத்தார்கள். அப்போது வயது 38. ஆய்வகத்தில் ஐந்து கரு தேறியது. முதலில் கருப்பையில் வைத்தது ஒட்டவில்லை. அடுத்தது மூன்றாம் மாதம் கலைந்தது. மிச்சம் மூன்றையும் ஃப்ரீசிங்கில், அதாவது உறையவைத்துப் பாதுகாப்பில், வைத்துவிட்டு, காசு சேரட்டும் என்று வீட்டுக்கு வந்தோம். நான் பீடி சுற்றுகிறவள், அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். எந்தக் கடனை நிறுத்தினாலும் ஃப்ரீசிங் கட்டணத்தை மட்டும் நிறுத்தியதில்லை. ரசீதில் ‘எம்ப்ரியோ 3’ என்றிருக்கும். அந்த ரசீதுகளை, ஆடிப்பூரத்தில் காந்திமதி அம்மன் வளைகாப்புக்குப் போனபோது கிடைத்த வளையலோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன்.

போன மாதம் பணத்தோடு போனோம். அரை மணி நேரம் உட்காரவைத்து, “மூணும் ஆராய்ச்சிக்குப் போயிட்டும்மா, நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றார்கள். தாளை எடுத்துக் காட்டினார்கள். பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அது நான் அடித்ததில்லை. கீழே கோணலாகக் கிடந்த தமிழ்க் கையெழுத்து என்னுடையதுதான். முட்டை எடுக்கிற அன்று காலை, வெறும் வயிற்றோடு, பச்சை அங்கி மாட்டி ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது, “இங்க, இங்க, இங்க போடுங்கக்கா” என்று வாங்கிய கையெழுத்து அது. எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கே கொடுத்தீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள்.

என் நாத்தனார் மகள் சட்டம் படிக்கிறாள். அவள்தான் வாசித்துச் சொன்னாள்: கருவைப் பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாமாம். அந்தக் காலம் முடிந்தால்தான் அழிய விடுவதோ, தம்பதியின் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குத் தருவதோ. எங்களுக்குப் பத்தில் பாதிகூட ஆகவில்லை. கருப்பையில் வைக்கும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் இருக்கிறதாம். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்றே தெரியாதவள் எதைத் திரும்பப் பெறுவேன்?

ஆராய்ச்சி கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு ஒரு பிள்ளை தங்கியிருந்தால், மிச்சத்தை நானே மனசாரக் கொடுத்திருப்பேன். கேட்டிருக்க வேண்டும், ஐயா. ஆய்வகத்தில் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறியில் இருக்கிறது. ஆராய்ச்சிக் கருவை நாடு தாண்டி அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. உள்ளூரில் அது எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் கிடைத்தோமா? ஈரோட்டில் 16 வயதுப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்தது 2022-இல் வெளியே வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. ஒரு பெண் ஆயுளில் ஒரு தடவைதான் முட்டை கொடுக்கலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் நாங்கள் நேராகக் கோர்ட்டுக்கும் போக முடியாது. தேசிய வாரியமோ மாநில வாரியமோ, நீங்கள் அதிகாரம் கொடுத்தவரோ எழுதிக் கொடுத்தால்தான் வழக்கே எடுப்பார்களாம். அதனால்தான் உங்கள் வாசலில் நிற்கிறேன்.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் தாளைத் தமிழில் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டை எடுக்கிற நாளில் வேண்டாம், வீட்டில் வைத்து வாசிக்க ஒரு வாரம் முன்னாலேயே கொடுக்கட்டும். ஒவ்வொரு கருவும் என்ன ஆனது, எங்கே போனது, எந்தத் தேதியில் போனது என்று தம்பதியின் கையில் எழுதிக் கொடுக்க உத்தரவு போடுங்கள்.

முதலில் எங்கள் மூன்றுக்கும் அந்தக் கணக்கை வாங்கித் தாருங்கள். எனக்கு 41 முடிந்துவிட்டது. 38 வயதில் எடுத்த முட்டை இனி எனக்குக் கிடையாது. அவை இன்னும் எங்காவது உறைநிலையில் இருந்தால், தயவுசெய்து யாரும் தொட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
முக்கூடலிலிருந்து ஒரு பீடித் தொழிலாளி