வாசகர் வட்டம், ஒஸ்லோ: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வடஐரோப்பாவின் பழைய தெய்வங்களை இன்று வழிபடுவோரைப் பற்றி இந்த ஆண்டு வாசிப்போம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தபோது, "எங்கட பிள்ளையளுக்கு எங்கட கோயிலே தெரியாது, இதுக்குள்ள ஒடினும் தோரும் எதுக்கு?" என்று ஓர் அண்ணை கேட்டார். பிறகு ஒரு சந்திப்பையும் தவறவிடாதவர் அவர் ஒருவர்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஏழு சந்திப்புகள் நடந்தன. டிசம்பர்ச் சந்திப்புக்கென நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தை ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதனால் அங்கத்தவர் ஒருவரின் வீட்டு நிலவறையில் கூடினோம். ஆண்டின் நல்ல சந்திப்பு அதுதான்.

வாசிப்பில் பெரும்பகுதி ஐஸ்லாந்தைப் பற்றியது. அங்கே 1972ஆம் ஆண்டு கோடையின் முதல் நாளில், அந்தப் பழைய தெய்வங்களை வழிபடுவோரின் ஆசாத்ரூ சங்கம் தொடங்கியது. அந்நாட்டு நாட்காட்டியில் கோடை ஏப்ரலிலேயே பிறந்துவிடும். பனி கொட்டினாலும் அன்று விடுமுறை. அடுத்த ஆண்டே அரசு சங்கத்தைச் சமய அமைப்பாக ஏற்றது. முதல் தலைவர் ஸ்வேய்ன்ப்யோர்ன் பெய்ன்தெய்ன்சன் ஆடு வளர்த்த விவசாயி. 'ரீமுர்' என்ற மரபுப் பாட்டைக் கட்டிப் பாடியவர். 1993இல் காலமாகும்வரை அவரே தலைவர். 2003 முதல் அப்பொறுப்பில் இருக்கும் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் இசையமைப்பாளர். பாட்டுக்காரர்களை ஐயர்மாராக வைத்துக்கொண்ட சமயம் என்று எங்கள் பொருளாளர் சொன்னதைச் சிரிப்புக்காக மட்டும் இங்கே எழுதவில்லை. அவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் கிடையாது. தெய்வங்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று நம்புகிறாயா என வாசலில் யாரும் கேட்பதில்லை. 'எட்டா' எனப்படும் பழைய தெய்வக் கதைச் செய்யுள்கள் உண்டு, ஆனால் அவை வேதம் அல்ல. அப்படியானால் மிஞ்சுவது கூடிவருதல்தான்.

அந்தக் கூடலின் பெயர் 'ப்ளோத்'. முற்காலத்தில் பலி என்று பொருள்; இன்று மிருகபலி இல்லை. இடத்தைப் புனிதப்படுத்திச் செய்யுள் சொல்வார்கள். பானம் நிறைந்த கொம்பு கைமாறும். வாங்குபவர் தெய்வத்தையோ முன்னோரையோ நினைத்து ஒரு சொல் சொல்லிக் குடிப்பார். பிறகு சாப்பாடு. விடுமுறைக்கு ஐஸ்லாந்து போன எங்கள் அங்கத்தவர் குடும்பம் ஒன்று, ஜூன் பிற்பகுதி வியாழனொன்றில் திங்வெல்லிர் ப்ளோத்தில் நின்றுவிட்டு வந்தது. ஐஸ்லாந்தின் பழைய நாடாளுமன்றமான அல்திங் சபை கூடிய இடம் அது. கிறிஸ்தவத்தை ஏற்பதென்று கி.பி. 1000 அளவில் முடிவானதும் அங்கேதான். "பிள்ளையள் ஓடித் திரிஞ்சுதுகள், ஒருத்தரும் அதட்டேல்ல" என்பதே அந்த அக்காவின் முழு அறிக்கை. நாலு பக்கக் கட்டுரை எழுதி வந்த எனக்கு அது போதுமானதாகப் பட்டது.

பதின்ம வயதினருக்கு 'சித்ஃபெஸ்தா' என்ற சடங்கு உண்டு. திருச்சபையின் உறுதிப்பூசுதலுக்கு இணையானது. அதற்கு முன் எட்டாவில் வரும் 'ஹாவமால்' என்ற அறிவுரைச் செய்யுள்களைப் படிக்க வேண்டும். விருந்தாளி எப்படி நடக்க வேண்டும், நண்பனுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மூதுரை மணம் அடிக்கும் நூல். ரெய்க்யவிக்கில் 2015இல் கட்டத் தொடங்கிய கோயில் சொன்ன காலத்தில் முடியவில்லை. ஆட்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1980களில் நூறுக்குள் இருந்த அங்கத்தவர்கள் இன்று ஐயாயிரத்துக்கு மேல்.

நிலவறைச் சந்திப்பில் சண்டை வந்தது 'குடும்பம்' என்ற சொல்லால். அமெரிக்காவில் ஆசாத்ரூ ஃபோக் அசெம்ப்ளி என்ற அமைப்பு இச்சமயத்தை ஐரோப்பிய இரத்தவழியினருக்கே உரியதாக்குகிறது. 2016இல் அது பிள்ளைகளையும் குடும்பத்தையும் போற்றி விட்ட அறிக்கையில் அந்த வேலிதான் தெரிந்தது. உடனே பல நாட்டுக் குழுக்கள் 'பிரகடனம் 127' வெளியிட்டு அவர்களோடு உறவில்லை என்றன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்னும் ஹாவமால் 127ஆம் செய்யுளே பெயருக்குக் காரணம். ஐஸ்லாந்துச் சங்கமோ ஒருபாலினத்தவருக்கும் மணம் முடித்து வைப்பது. அதற்காக 2015இல் வெளிநாடுகளிலிருந்து அவர்களுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. முன்னோரை வணங்குபவன் அடுத்தவனின் முன்னோரைக் கேட்கக் கூடாதா என்று ஒருவர் வாதிட்டார். கேட்கலாம், வாசலில் நின்று கேட்கக் கூடாது என்பது என் கட்சி. வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நோர்வேயிலும் இவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க் குழுவை 'ப்ளோத்லாக்' என்பார்கள். 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி சமய அமைப்பொன்று அரசு மானியம் பெறக் குறைந்தது 50 அங்கத்தவர் வேண்டும். சின்னக் குழுவில் ஒரு குடும்பம் விலகினாலே தலைகள் குறையும் என்று அந்தப் பத்தியை வாசித்தபோது, நாங்கள் எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டோம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நூலக நூல்கள் இரண்டு இன்னும் திரும்பவில்லை, எடுத்தவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. டிசம்பரில் மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் பதினைந்து வயது மகள், "நான் கதைக்கலாமா, இல்லாட்டி கேக்க மட்டுமா?" என்றாள். எங்கள் யாப்பில் பதினெட்டுக்குக் கீழானவர்களுக்கு இடமில்லை. பதினான்கு வயதிலிருந்து பேச்சுரிமையும் வாக்குரிமையும் தரும் திருத்தத்தைச் சபை முன் வைக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

செயலாளர்