கடைசியில் வருபவரோடு வர ஓர் ஆள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வெளியிடுகிறீர்கள். "ஓட்டப் போட்டிக்குத் தன்னார்வலர்கள் தேவை. ஆர்வமுள்ளவர்கள் அணுகலாம்." கீழே ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். என்ன வேலை, எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது வீட்டுக்குப் போகலாம், நிற்கிற வேலையா நடக்கிற வேலையா, ஒன்றும் இருக்காது. இதைப் படித்துவிட்டு, நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று பக்கத்தைத் திருப்புகிறவர்களில் பாதிப் பேராவது அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விளையாட்டு வீராங்கனை இல்லை. அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும். இருந்தும் வாரம்தோறும் கூடுகிற ஓர் ஓட்டக் குழுவுக்கும், மலைப்பாதைகளில் நடக்கப் போகும் ஒரு குழுவுக்கும் உதவி செய்கிறேன். சிறுவர்கள் கால்பந்து ஆடும் நாளில் கூப்பிட்டால் அங்கேயும் போவேன். ஓடாதவளுக்கு ஓட்டக் குழுவில் என்ன வேலை என்று உறவினர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் 'பார்க்ரன்' என்ற இலவச ஓட்டம் தொடங்கியது அப்படித்தான். அதை ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹெவிட் காயம் பட்டு ஓட முடியாமல் இருந்தவர். ஓடும் நண்பர்களோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஆக, அந்த ஓட்டத்தையே தொடங்கி வைத்தவர் ஓட முடியாத ஒருவர்.

எனக்குப் பிடித்த வேலை, கூட்டத்தின் கடைசியில் வருவது. பளிச்சென்ற ஒரு மேல்சட்டையைக் கொடுப்பார்கள். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் மொத்தக் கடமையும். கேட்க எளிது. ஆனால் எந்தக் கூட்டத்திலும் கடைசியாக வருபவருக்கு ஒரு கூச்சம் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க போங்க, நான் மெதுவா வந்துக்கறேன்" என்பார். நானும், "நான் போயிட்டா நீங்க கடைசி ஆயிடுவீங்களே, அந்த இடம் எனக்கு எழுதி வச்சது" என்பேன். சிரித்துவிடுவார். அப்புறம் நடை தானாகச் சீராகும்.

அதைவிடப் பெரிய பாடு முடிவுக் கோட்டில். கடைசி ஆள் வருவதற்குள் வளைவைச் சுருட்டி, கூம்புகளை அடுக்கி, கடிகாரத்தை நிறுத்திவிடும் பழக்கம் பல குழுக்களுக்கு உண்டு. ஒருவர் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக 5 கிலோமீட்டர் முடித்து வருகிறார், அங்கே வரவேற்க மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போகும் ஒரு முதுகுதான் இருக்கிறது என்றால் அவர் மறுபடி வருவாரா? நான் சேர்ந்த பிறகு எங்கள் குழுவில் இதற்காகச் சண்டையே போட்டேன். இப்போது மேல்சட்டை கோட்டைத் தாண்டும்வரை கடிகாரம் ஓடும்.

கடைசியில் வருபவருக்குக் கண்ணும் வேண்டும். வெயில் நாளில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெறும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. வெப்பத்தாக்கமாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே உடம்பைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் கழுத்துவரை அமிழ்த்துவது சிறந்தது. இல்லையென்றால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது. இதை எனக்கு ஒரு முதலுதவிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்பதும் அங்கே கற்றதுதான். அரை நாள் போதும், யாரும் கற்றுக்கொள்ளலாம்.

மலைப்பாதையிலும் கடைசி ஆளுக்கு இதே கதிதான். முன்னால் போகிறவர்கள் மேட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த உடனே, "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்காது! கடைசி ஆள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அவராக எழுந்தபின் கிளம்புவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, அறிவிப்பிலேயே இருக்கிறது. '10 கிலோமீட்டர் எளிய நடை' என்று போடுகிறவர்கள் ஏற்றத்தைப் போடுவதில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அந்த 10 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் எங்கும் உட்காராமல் நடந்தால். கணக்குப் பார்த்தே பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாமே. பையில் ஒரு விசில் இருக்க வேண்டும் என்பதையும் எங்கள் பட்டியலில் நான்தான் சேர்த்தேன். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் உதவி தேவை என்று பொருள்.

கால்பந்து மைதானத்தில் என் வேலை இன்னும் சாதாரணமானது. ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். நகர்த்தக்கூடிய கம்பங்கள் முன்பக்கம் கனமானவை. சிறுவர்கள் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் குப்புறச் சாய்ந்துவிடும். பல நாடுகளில் குழந்தைகள் இதில் உயிரிழந்திருக்கிறார்கள். பின்பக்கச் சட்டத்தைத் தரையில் முளையடித்துக் கட்டியிருக்கிறதா, அல்லது போதுமான கனத்தில் மணல் மூட்டை வைத்திருக்கிறதா என்று பார்க்க ஆட்ட விதிகள் தெரிய வேண்டியதில்லை. எனக்கு ஆஃப்சைடு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதும் நான்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் திறந்த வெளிக்குத் திரும்பக் கூடாது. "ஒரு சொட்டு மழைகூட இல்லையே" என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழும் என்று பொறுமையாகச் சொல்வேன். ஒருவர் கேட்பார், இன்னொருவர் முறைப்பார். தலையில் அடிபட்டு மயக்கமாக இருந்த பையனை அதே நாளில் மறுபடி இறக்க விடாதபோதும் இதே முறைப்புதான். பயிற்சியாளருக்கு ஜெயிக்கிற கவலை இருக்கும், அப்பாவுக்கு மகன் ஆட வேண்டும் என்ற கவலை இருக்கும். இரண்டும் இல்லாத ஓர் ஆள் மைதானத்தில் இருப்பது நல்லது.

குழுக்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வருபவரை ஒரு முச்சந்தியில் கொடியோடு நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்தபின் கூப்பிட மறந்து போகிற குழுக்கள் இருக்கின்றன. அவர் அடுத்த வாரம் வரவில்லை என்றதும், "இந்தக் காலத்தில் யாருக்குமே சேவை மனப்பான்மை இல்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், ஏழெட்டுப் பேரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் "நாங்களே பார்த்துக்கறோம்" என்பார்கள். அவர்கள் ஓய்ந்துபோகும்போது குழுவும் ஓய்ந்துபோகும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 70,000 தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் இடம், நேரம், வேலை என்று பிரித்துக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு அதே காரியம் ஒரு தாளில் முடிந்துவிடும், ஆனால் அந்தத் தாளை எழுத யாராவது உட்கார வேண்டும்.

சிறுவர்கள் இருக்கும் குழு என்றால் தன்னார்வலரின் பின்னணியை விசாரிக்கத்தான் வேண்டும். பெரியவர் யாரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதியும் வேண்டும். "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னிடமும்தான் கேட்டார்கள், சந்தோஷமாகச் சொன்னேன். கேட்காத குழுவில் என் பேத்தியை விட மாட்டேன்.

பார்வையற்ற ஓட்டக்காரருக்குத் துணையாக ஓட ஆட்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். இருவரும் ஒரு சிறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். போட்டிகளில் முடிவுக் கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் தாண்ட வேண்டும், துணையாள் முந்தக் கூடாது. இதற்கு மட்டும் என் முழங்கால் இடம் கொடுக்காது. காலில் தெம்பிருக்கும் வாசகர்கள் விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், அனுப்பிய குழுவைத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, அங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும், முன்பின் தெரியாதவர் செய்யலாமா. இந்த நான்கையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் சிறப்பு விருந்தினர்கள் பெயரில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், உங்கள் வாசகி