ஹம்பேர்க்கில் ஒரு செத்தவீடு

ஹம்பேர்க்,
14.08.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நானும் இவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். அங்கே நீங்கள், அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். மண்ணெண்ணெய் இப்போதாவது கிடைக்கிறதா? படகுகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் போன் கட்டாகிவிட்டது. நான் சொல்ல நினைத்த விசயமும் அத்தோடு நின்று போயிற்று. அது அரைகுறையாகச் சொல்லக்கூடியதும் இல்லை. அதுதான் பழையபடி பேனை எடுத்திருக்கிறேன்.

இங்கே ஊவே ஸேலர் காலமாகிவிட்டார். ஜூலை 21ஆம் திகதி. வயது 85. பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1966 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் வெம்பிளி இறுதியாட்டத்தில் ஜேர்மனியின் கப்டன். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று குஞ்சியப்பா சாகும்வரை வாதாடிக்கொண்டிருந்தாரே, அந்த ஆட்டம்தான்.

அவர் காலமானதற்கு முதல்நாள் இங்கே 40 பாகை வெயில். ஹம்பேர்க்கில் அப்படி ஒரு வெயிலை யாரும் கண்டதில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் குளிரூட்டி கிடையாது. நனைத்த துவாய்களைக் கழுத்தில் போட்டுவிடுவதும், குடிக்க மறுக்கிற கிழவர்களுக்குக் கெஞ்சிக் கெஞ்சித் தண்ணீர் பருக்குவதுமாக நாள் முழுக்க ஓடித் திரிந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் எல்லோருக்கும் பயம். அடுத்தநாள் ரீவியில் இந்தச் செய்தி வந்தது. நான் பராமரிக்கிற மாடியில் சாப்பாட்டு மேசையில் ஒருவர்கூடக் கரண்டியைத் தொடவில்லை. தன் மகளின் பெயரே சில நாட்களில் நினைவுக்கு வராத ஒரு தாத்தா இருக்கிறார். அவர் 1960இல் ஹம்பேர்க் ஆடிய ஜேர்மன் சம்பியன் இறுதியாட்டத்தின் கணக்கைச் சொன்னார்: கொலோன் அணிக்கு எதிராக 3-2, அதில் இரண்டு கோல் ஊவே. சரிதானா என்று பிறகு மகன் போனில் தேடிப் பார்த்தான். சரி.

இந்த மனிதரை இவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், அண்ணா. நீங்கள் உதைபந்தாட்டக்காரர், உங்களுக்கு விளங்கும்.

ஸேலரின் தகப்பன் ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்தவர், அவரும் பந்து விளையாடியவர். தமையன் டீற்றரும் ஊவே ஆடிய எச்.எஸ்.வி. என்ற ஹம்பேர்க் கழகத்தில்தான். ஊவே 17 வயதில் தேசிய அணிக்குப் போய்விட்டார். ஆள் உயரமே இல்லை, ஐந்தடி ஏழு அங்குலம் அளவுதான். ஆனால் தன்னைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு மேலே எழும்பித் தலையால் அடிப்பாராம். ஜேர்மனிக்கு 72 ஆட்டம், 43 கோல். 1958, 62, 66, 70 என்று நான்கு உலகக் கிண்ணங்களிலும் கோல் அடித்தவர். ஜேர்மனியின் முதல்பிரிவுப் போட்டியான புண்டஸ்லீகா தொடங்கிய முதல் பருவத்தில் 30 கோல் அடித்து முதலாவதாக வந்தவரும் இவர்தான். ஆனால் உலகக் கிண்ணம் மட்டும் கைக்கு வரவில்லை. 66இல் தோற்றுத் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தை விட்டு வெளியேறும் படம் இங்கே எல்லோருக்கும் தெரியும். இப்போது எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான்.

1965இல் பிராங்க்பேர்ட்டில் விளையாடும்போது அவருடைய குதிக்கால் நரம்பு அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது நடந்தால் ஆட்டக்காரனின் கதை முடிந்தது. இவருக்கு அடிடாஸ் முதலாளி தன் கையால் ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார், குதிக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுகிற மாதிரி. ஏழு மாதம் கழித்து சுவீடனில் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். அதில் இறங்கி வெற்றிக் கோலை அடித்தார். இதைச் சொன்னது எங்கள் இல்லத்தில் இருக்கிற ஒரு பாட்டி. சின்ன வயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு எச்.எஸ்.வி.யின் பழைய றோதன்பாவும் மைதானத்துக்குப் போனவர். சேற்றில் பாய்ந்து விழுந்து தலையால் அடித்த ஒரு கோலைப் பற்றிச் சொல்லும்போது, கட்டிலில் இருந்தபடியே கழுத்தை முன்னுக்கு நீட்டிக் காட்டினார். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

ஆனால் அண்ணா, இவர்கள் அழுவது கோல்களுக்காக இல்லை. 1961இல் மிலானிலிருந்து இன்ரர் கழகத்தின் பயிற்சியாளர் ஹெரேரா நேரே ஹம்பேர்க்குக்கு வந்து ஹோட்டலில் இருந்து பேசினார். பத்து இலட்சம் மார்க்கை ஒட்டிய தொகை. அந்த நாளில் ஒரு தொழிலாளி பிறந்ததிலிருந்து சாகும்வரை உழைத்தாலும் சேர்க்க முடியாத காசு. ஊவே மாட்டேன் என்றார். பகலில் கார் ஓட்டிக் கடை கடையாக அடிடாஸ் சாமான் விற்று, பின்னேரம் பயிற்சிக்குப் போய், சனிக்கிழமை மட்ச் விளையாடி, இங்கேயே இருந்துவிட்டார். 1972 மே மாதம் முதலாம் திகதி உலக அணியோடு கடைசி ஆட்டம் ஆடி ஓய்வு பெறும்வரை ஒரே கழகம். ‘எங்கள் ஊவே’ என்றுதான் இந்த ஊர் அவரைக் கூப்பிடும். இல்லத்தில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தக் கதையில்தான். காசுக்குப் போகாதவர், கடையில் பாண் வாங்க வரிசையில் நிற்பவர், கேட்டால் நின்று கையெழுத்துப் போடுபவர்.

நான் வெளிநாட்டுக்கு வந்தவள். போகாமல் இருந்தவரைப் பற்றி இவ்வளவு பேச்சைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் குடைந்தது. உங்களைத்தான் நினைத்தேன். அதைவிடக் குஞ்சியப்பாவை நினைத்தேன்.

சின்னவனோடு ஸ்டேடியத்துக்குப் போனேன். இந்தக் கோடையில் 9 யூரோவுக்கு மாதம் முழுக்க பஸ், ரயில் எதிலும் ஏறலாம் என்று அரசாங்கம் ஒரு ரிக்கெற் விட்டிருக்கிறது, அது பெரிய உதவி. ஸ்டேடியத்துக்கு முன்னால் ஊவேயின் வலது பாதம் வெண்கலத்தில் செய்து 2005இலிருந்து வைத்திருக்கிறார்கள். பாதம் என்றால் எங்கள் வள்ளத்தின் அணியத்தைவிட உயரம். அதைச் சுற்றிப் பூ, மெழுகுதிரி, கழுத்துத் துண்டுகள், சின்னப் பிள்ளைகள் கீறிய படங்கள். வேலை உடுப்போடு வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு துருக்கிக் குடும்பமும் நின்றது. யாரும் யாரையும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை.

ஊவே காலமாகி மூன்று நாள் கழித்து றொஸ்ரொக் அணியோடு இங்கே மட்ச். எச்.எஸ்.வி. 0-1 என்று தோற்றது. பெருங்கழகம், 2018இலிருந்து இரண்டாம் பிரிவில் கிடந்து தவிக்கிறது. அவருக்காக வென்றிருக்கலாம் என்று எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் மனக்குறை. இந்த மாதம் 10ஆம் திகதி ஸ்டேடியத்திலேயே நினைவு நிகழ்வு வைத்தார்கள். அதை எல்லோரையும் கதிரையில் இருத்தி ரீவியில் பார்க்க வைத்தோம்.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டி என்னிடம் கேட்டார், உங்கள் நாட்டில் கிரிக்கெட் மட்டும்தானே என்று. எனக்குச் சுறுக்கென்றது. பாசையூரில் வந்து பாருங்கள், நாவாந்துறையில் பாருங்கள், குருநகரில், இளவாலையில் பாருங்கள், நடக்கத் தொடங்கும் முன்பே எங்கள் பிள்ளைகள் பந்தை உதைப்பார்கள் என்றேன். பிறகு குஞ்சியப்பாவைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் ஒரு கழகம் கூப்பிட்டுப் போனவர், 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கையில் ஒரு பையோடு கப்பலில் வந்து இறங்கியவர், அதற்குப் பிறகு பாரிஸிலிருந்து அத்தை ஏஜென்சிக்குக் காசு கட்டியும் போகாதவர். ஊவே போகாமல் இருந்தது அவருடைய விருப்பம். குஞ்சியப்பா திரும்பி வந்தது விருப்பத்தால் இல்லை, ஆனால் பிறகு போகாமல் இருந்தது அவருடைய விருப்பம்தான். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஹம்பேர்க்கில் இருந்துவிட்டேன் என்று சொல்ல ஊவேக்கு ஒரு ஹம்பேர்க் இருந்தது. குஞ்சியப்பா 95 இடம்பெயர்வில் பந்துகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர், திரும்பி வந்து அதே கடற்கரையில் அடுத்த பொடியன்களைச் சேர்த்தவர்.

பாட்டி எழும்பி இருந்து கேட்டார். எந்தக் காலால் அடிப்பார்? எந்த இடத்தில் ஆடினார்? எந்த ஆட்டத்தை ஊர் இன்னும் சொல்கிறது? எனக்கு ஒன்றுக்கும் சரியான பதில் இல்லை, அண்ணா. என்னை யார் துரையப்பா மைதானத்துக்குக் கூட்டிப் போனது? நான் கேட்டதெல்லாம் வேலிக்குள் நின்று கேட்ட கூச்சலும், இரவில் நீங்கள் இரண்டுபேரும் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சொன்ன கதைகளும்தான்.

ஊவேயைப் பற்றி ஒவ்வொரு கோலும் எழுதி இருக்கிறது, படம் இருக்கிறது, மணித்துளி இருக்கிறது. 1970இல் மெக்சிக்கோவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடரியால் அடித்த கோலை அன்றைக்கு ரீவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். 82ஆவது நிமிடம். குஞ்சியப்பாவின் கோல் ஒன்றுகூட எங்கும் இல்லை. அவர் செத்ததும் கொரோனாக் காலத்தில். பெட்டியை மூடியபடி சொந்தக்காரர் சிலபேர் மட்டும் நின்று அடக்கினீர்கள். அவரிடம் பந்து பழகியவர்கள் வீதியில்கூட நிற்க முடியவில்லை. நான் இங்கே போனில் பார்த்தேன். அந்தச் செத்தவீடு இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்க வேண்டாம். அவரோடு ஆடியவர்களில் இன்னும் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள்தானே. மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகாத இந்த நாட்களில் அவர்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்க வையுங்கள். மூத்தவன் போனில் பதியட்டும். எந்த ஆட்டம், யாரோடு, எத்தனைக்கு எத்தனை, யார் பந்தைக் கொடுத்தது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள், சண்டையும் பிடிப்பார்கள். அதையும் எழுதுங்கள். நீங்கள் சொல்வதை முதலில் எழுதுங்கள். உங்களுக்குத்தான் அவர் பந்தை நிறுத்தும் விதம் தெரியும். அடுத்த மட்சுக்கு முன்னால் பொடியன்கள் அவருக்காக ஒரு நிமிடம் கைதட்டட்டும். இங்கே அப்படித்தான் சிலவேளை செய்கிறார்கள். மௌனமாக நிற்பதைவிட அது அவருக்குப் பிடிக்கும்.

சின்னவனின் கழகத்தில் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பூட்ஸ்களைச் சேர்க்கிறார்கள். நல்ல நிலையில் இருப்பவற்றைத் தெரிந்தெடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே நம்பர் வேறு, அங்கே வேறு, ஆகவே ஒவ்வொரு பொடியனின் பாதத்தையும் குதியிலிருந்து பெருவிரல்வரை சென்ரிமீற்றரில் அளந்து பெயரோடு அனுப்புங்கள். வளர்கிற கால்கள், ஒரு சென்ரிமீற்றர் கூட்டியே போடுங்கள். பார்சல் கப்பலில்தான் வரும், சுணங்கும். அம்மாவின் பிரஷர் குளிசை முடிகிறது என்றால் அதையும் எழுதுங்கள், வருகிற யாரிடமாவது கொடுத்து விடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை