பசிக்க விடு

அன்புக் கத்தரிக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. மற்ற கதையெல்லாம் பிறகு. உன் மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே, அதை முதலில் பேசுவோம்.

ஒரு வேளை ஊட்ட ஒன்றரை மணி நேரம், இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடை, காக்கா, நிலா, பூச்சாண்டி, கடைசியில் செல்போன், அப்புறமும் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கத்தரிக்காய் பெற்றது வெண்டைக்காயைத் துப்பினால் உனக்கு ஏனடி இத்தனை அதிர்ச்சி? நம் ஹாஸ்டல் வார்டனம்மா கேட்டால் என்ன சொல்வார்!

எடைக்காக அழாதே. பிறந்தபோது 2.8 கிலோ, முதல் பிறந்தநாளில் 8.4, இப்போது இரண்டு வயது இரண்டு மாதத்தில் 10.6. இது நல்ல எடைதான். முதல் வருஷத்தில் எடை மூன்று மடங்காகும். அடுத்த வருஷம் முழுக்க ஏறுவதே இரண்டு, இரண்டரை கிலோ. வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையும். எட்டு மாதத்தில் கிண்ணத்தை வழித்துத் தின்றவள் இன்று பாதி இட்லியோடு எழுந்துவிடுவது நோயில்லை. அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் அவள் எடைப் புள்ளிகள் தன் கோட்டை ஒட்டியே போகிறதா என்று பார், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைப் பார்க்காதே.

என்னை உறுத்துவது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "பால் மட்டும் நாலு புட்டி குடிச்சிடறா." 200 மில்லி வீதம் நாலு என்றால் 800 மில்லி. பச்சைப் பாக்கெட் பால் அந்த அளவில் சுமார் 570 கலோரி. அவளுக்கு நாள் முழுக்கத் தேவையே ஏறக்குறைய 1000. நடுவில் பாட்டி கொடுக்கும் நாலு பிஸ்கட்டையும் கழித்தால், வேளைக்கு இரண்டு இட்லிக்கு மேல் வயிற்றில் இடமே இல்லை. நிரம்பிய வயிற்றுக்கு முன்னால் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, சாப்பிடவில்லை என்று அழுதால் எப்படி?

இன்னொன்று இதைவிடப் பெரிது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சோற்றிலும் கீரையிலும் இருக்கும் கொஞ்ச இரும்பையும் பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து உடம்பில் சரியாகச் சேர விடாது. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும், பசி மந்தமானால் பால்தான் இறங்கும். இந்தச் சுற்றிலிருந்து அவளை நீதான் வெளியே எடுக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியான வீட்டுப் பிள்ளை என்று இதை ஒதுக்கிவிடாதே. சுவரைச் சுரண்டித் தின்கிறாள் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாயே, அது சிரிக்கிற விஷயமில்லை. மண், சுண்ணாம்பு தின்பது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார். 11-க்குக் கீழே என்றால் மருத்துவர் சொல்கிற அளவில் மருந்து. சரியாக இருந்தாலும், அரசுத் திட்டத்தில் கொடுக்கிற இரும்புச் சிரப்பை வாரம் இரண்டு முறை 1 மில்லி கொடுக்கச் சொல்வார்கள், கேட்டுக்கொள். அதைப் பாலோடு கொடுக்காதே. மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே. குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தாய் என்றும் பார்.

பாலை ஒரே நாளில் நிறுத்தாதே, வீடு ரணகளமாகிவிடும். முதலில் ராத்திரிப் புட்டி. மூன்று நாள் 150 மில்லி, அடுத்த மூன்று நாள் 100, பிறகு 50, பிறகு வெறும் தண்ணீர். பல் சொத்தைக்கும் அந்தப் புட்டிதான் காரணம். பகலில் புட்டியை எடுத்துவிட்டுச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் காலை 200, மாலை 200. அதற்கு மேல் வேண்டாம். அழுவாள். அந்த அழுகைக்குப் பிஸ்கட்டையோ பாலில் கலக்கும் இனிப்புப் பொடியையோ கொடுத்தால் செய்ததெல்லாம் வீண். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும்.

சாப்பாடு தரையில் உட்கார்ந்து, உங்களோடு, செல்போன் இல்லாமல். என்ன, எப்போது, எங்கே என்பது உன் பொறுப்பு. எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. முப்பது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடு, முகத்தைத் தூக்காதே. அதக்கி வைத்திருந்தால் வாயைக் கொப்பளிக்க வைத்த பிறகே படுக்க விடு, இல்லாவிட்டால் மூச்சடைக்கும்.

தட்டில் நீ வைப்பது ரொம்ப அதிகம். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்: சோறு இரண்டு, பருப்பு இரண்டு, காய் ஒன்றிரண்டு. கேட்டால் இன்னும் போடு. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்குவதை இன்றே விடு. இரண்டு வயதுக்கு மென்று பழக வேண்டும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி ஆவியில் வேகவை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். தோசையைப் பட்டை பட்டையாக வெட்டிக் கையில் கொடு. ரசத்தை ஊற்றிக் கரைத்த சோறு வயிற்றை ரொப்பும், சத்து ஏறாது. கெட்டிப் பருப்புச் சாதத்தில் அரைத் தேக்கரண்டி நெய் விடு. முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் கூடவே கூடாது.

கீரையை இட்லிக்குள் ஒளித்து வைக்கிறாயே, அதுவும் வேண்டாம். கண்டுபிடித்தாளானால் இட்லியும் போய்விடும். அவளுக்குப் பழகிய ஒன்று, பக்கத்தில் புதியது ஒரு துணுக்கு. பீட்ரூட் பொரியல் என்றால் நாலு இழை போதும். முதல் நாள் தொட மாட்டாள், மூன்றாம் நாள் நசுக்குவாள், ஆறாம் நாள் நக்கித் துப்புவாள். துப்புவதும் ருசி பார்ப்பதுதான். "சாப்பிடு" என்று சொல்லாமல் பத்துப் பதினைந்து முறை வை. நீ மூன்றாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறாய், பலர் தவறுகிற இடம் இதுதான்.

எடைக் கோடு இறங்கினாலோ, விழுங்கும்போது இருமினாலோ, முன்பு தின்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ, காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போ.

உன் மாமியாரிடம் சண்டை போடாதே. காலை டம்ளர் பாலை அவர் கையால் கொடுக்கச் சொல், மிச்சத்தை விட்டுக்கொடுப்பார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிந்த அன்றைக்கே எழுது. ஊறுகாய் ஜாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன்.

உன்,
முட்டைக்கண்ணி