தம்பிக்கு, திரிந்துபோன புட்டிங் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நம் கடலூர் சில்வர் பீச்சில் நெருப்பு மூட்டி நீ செய்த கேரமல் புட்டிங்கின் படத்தைப் பார்த்தேன். பால் தனி, முட்டை தனி. சர்க்கரை போட்ட முட்டைப் பொரியல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. "அடுப்பு இல்லாம இது வராதுண்ணா" என்று வேறு எழுதியிருந்தாய். வரும். நீயே சாப்பிட்டிருக்கிறாய்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம்மூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதே, அப்போது நீ இரண்டாம் வகுப்பு. கரண்டு போனது போனதுதான். சிலிண்டரும் தீர்ந்திருந்தது. ஆனாலும் புத்தாண்டுக்குப் புட்டிங் இல்லாமல் எப்படி என்று ஆயா கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்துவிட்டார். விழுந்து கிடந்த முருங்கைக் கிளையை ஒடித்து அடுப்பில் திணித்தேன். புகைதான் வந்தது. தலையில் ஒரு குட்டு. "பச்ச மரத்துல சோறே வேகாது, இது எங்கடா வேகும்?" அப்புறம் தாழ்வாரத்தில் நனையாமல் இருந்த சவுக்குக் கட்டைதான் மானத்தைக் காப்பாற்றியது.

இந்தப் புட்டிங் ஆயாவுக்கு அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தது. 1954-க்கு முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் அந்த அம்மாவுக்குச் சமையல் வேலை. அவர்கள் 'கிரெம் கராமெல்' என்பார்கள். கவிழ்த்துப் போடுவதால் 'கவிழ்த்த கிரீம்' என்று பொருள்படும் பேரும் அதற்கு உண்டு. ஆயா வாயில் அது 'கிரம்கரமேல்'.

சரி, உன் தப்புக்கு வருகிறேன். நீ தீ கொழுந்துவிட்டு எரியும்போதே பாத்திரத்தை வைத்துவிட்டாய். படத்தில் பாத்திரத்தின் விளிம்பு வரை கரி. ஆயா கட்டை எரிந்து தணலாகும் வரை அடுப்புப் பக்கமே போக மாட்டார். முட்டையும் பாலும் சர்க்கரையும் கலந்தது ஏறக்குறைய 80 டிகிரியில் உறையும், இன்னும் கொஞ்சம் ஏறினால் திரிந்து தண்ணீர் விட்டுவிடும். தண்ணீர் கொதிப்பது 100-ல். ஆக, பாத்திரத்தைச் சுற்றிக் குண்டானில் இருக்கும் தண்ணீர் தளதளவென்று கொதிக்கவே கூடாது. அடியிலிருந்து ஒன்றிரண்டு குமிழ் சோம்பலாக ஏறினால் போதும். அதற்கு மேல் போனால் ஒரு கட்டையை வெளியே இழு.

அளவு: அரை லிட்டர் பால், 4 முட்டை, 100 கிராம் சர்க்கரை. கேரமலுக்குத் தனியாக இன்னொரு 100 கிராம். அதை மட்டும் நல்ல சூட்டில், புட்டிங் வேகப்போகும் தூக்குப் பாத்திரத்திலேயே காய்ச்சு; தேன் நிறத்தைத் தாண்டிக் கருப்பட்டி நிறம் வரும்போது இறக்கிச் சுழற்று. ஒரு நொடி தாமதித்தால் கசந்துவிடும். இருட்டில் நிறம் தெரியாது, டார்ச் அடித்துப் பார். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முட்டையை நுரை வர அடிக்காதே, கலக்கினால் போதும்; நுரைதான் பிறகு ஓட்டை ஓட்டையாக நிற்கும். வடிகட்டி ஊற்று.

குண்டானுக்குள் பிரிமணை ஒன்றைப் போட்டு அதன்மேல் தூக்கை வை. அடி நேராகச் சூடு வாங்கக் கூடாது. தண்ணீர் தூக்கின் பாதி உயரம். தூக்கின் வாயில் வெள்ளைத் துணி கட்டி அப்புறம் மூடு, இல்லாவிட்டால் மூடியில் கோக்கும் நீர் சொட்டி மேலே குழி விழும். நம் கடற்கரையில் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணல்! சாயங்காலம் கடல்காற்று தூக்கிக்கொண்டு வருமே, அது. மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி அதற்குள் கல்லை வைத்தால் தணலும் சீராக நிற்கும். சவுக்குத் தோப்புக்குள் மட்டும் நெருப்பு மூட்டாதே. கீழே உதிர்ந்து கிடக்கும் சருகு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தூக்கை லேசாக ஆட்டிப் பார். ஓரம் நின்று நடு மட்டும் நடுங்க வேண்டும். முழுக்கக் கெட்டியாகும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஆறியதும் உடனே கவிழ்க்காதே, ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடக்கட்டும். அப்போதுதான் அடியில் கல்லாக இறுகிய கேரமல் இளகிப் பாகாக வழியும். அன்றைக்கு ஆயா தூக்கைக் கிணற்றில் தண்ணீர் மட்டம் வரை கயிறு கட்டி இறக்கி வைத்தார். விடிவதற்குள் நீ இரண்டு தடவை எழுந்து போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாய்.

அந்தத் தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். முட்டையும் சவுக்குக் கட்டையும் உன் பொறுப்பு. காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கு.

அண்ணன்